கோவிலுக்கு இல்லை, அருவிக்கு

போக வர ஒன்பது கிலோமீட்டர். கனகபுரா தாண்டி, காட்டுக்குள்ளே. ஏற்றம் உண்டு, ஆனால் ஆளைக் கொல்கிற ஏற்றம் இல்லை. 'மாடரேட்' என்று போட்டிருந்தது. கடைசியில் ஒரு அருவி. சிந்து தன் போனில் அந்தப் படத்தைக் காட்டியபோது மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஐந்து பேரும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தோம்.

பீன்யாவில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. நாங்கள் ஆறு பேரும் குவாலிட்டி செக்‌ஷன். பதினான்கு வருடமாக புஷ் என்கிற இரும்பு வளையத்தை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்த்து, நூலளவு பிசகினாலும் ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவள் நான். பார்கவிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனி முழுக்கப் பேர். இருக்கட்டும், நீளமாகவே இருக்கட்டும்.

திட்டம் போடுவதை நானே எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கனகபுராவுக்கு ஒரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. வனத்துறை அனுமதியை வியாழக்கிழமைக்குள் ஆன்லைனில் வாங்க வேண்டும். கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மணிக்கு அருவியை விட்டுக் கிளம்பினால்தான் வெளிச்சத்திலேயே ரோட்டுக்கு வர முடியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சப்பாத்தி, தக்காளித் தொக்கு, மாற்றுத் துணி. காலைப் பழக்கப்படுத்த ஷிஃப்ட் முடிந்ததும் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொன்னேன். சொன்னபடி எல்லோரும் ஏறினார்கள். செக்யூரிட்டிதான் ஏதோ காணாமல் போய்த் தேடுகிறோம் என்று நினைத்துவிட்டார்.

எங்களில் மூத்தவர் ருக்மிணி அக்கா. அவர்தான் எப்போதும் போல அந்த விஷயத்தை எடுத்தார்.

"வீட்ல கோயில்னு சொல்லிடுங்க. நெலமங்களா பக்கம் புதுசா ஒரு அம்மன் கோயில் கட்டியிருக்காங்கன்னு சொல்லுங்க. எவன் போயி பாக்கப் போறான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்களுக்கு இது பழகிய வழி. பெண்கள் நாலு பேர் சேர்ந்து வெளியே போக வேண்டுமென்றால் கூட ஒரு சாமி வர வேண்டும். பிள்ளையார் பேரைச் சொல்லி சினிமா பார்த்திருக்கிறோம். ஆஞ்சநேயர் பேரைச் சொல்லி லால்பாக் மலர்க் கண்காட்சி. கோவில் என்றால் எந்த வீட்டிலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தோசை மாவு அரைத்து வைத்தாயா என்று மட்டும் கேட்பார்கள்.

"நான் சொல்லமாட்டேங்க்கா. இந்த வாட்டி அருவின்னே சொல்லப் போறேன்" என்றேன்.

காரணம் இருந்தது. போன ஆடியில் அம்மன் பேரைச் சொல்லிவிட்டு நாங்கள் மாலில் ஐந்து மணி நேரம் சுற்றினோம். வரும் வழியில் பூஜை சாமான் கடையில் குங்குமப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் என் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. அவள் ஓடி வந்து கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினாள். கடைக் குங்குமத்தை அம்மன் குங்குமமாக அந்த நெற்றியில் வைத்தேன். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு நாள் வெளியே போய்வர நான் ஏன் பெற்ற பிள்ளையை ஏமாற்ற வேண்டும்?

அக்காவிடம் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் பாலகுமாரிடம் சொல்லிவிட்டேன். அவரும் பீன்யாவில்தான் லேத் ஓட்டுகிற டர்னராக இருக்கிறார். நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அருவிக்குப் போறேன். கூட வேலை செய்றவங்க, ஆறு பேரு. ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"அருவியா? அங்க கோயில் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"பாத்துட்டு?"

"வந்துடுவேன்."

டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"போறதுன்னா போ, நான் வேணான்னு சொல்லல. ஆனா கோயில்னு சொல்லிட்டுப் போ. வீட்டு ஓனரம்மா கேட்டா, எங்க அண்ணன் போன் பண்ணிக் கேட்டா நான் இன்னான்னு சொல்றது? பொம்பளைங்க காட்டுக்குள்ள குளிக்கப் போயிருக்காங்கன்னா?"

"அப்படியே சொல்லுங்க. போன வருஷம் நீங்க நாலு பேரு கோவா போனீங்களே, எந்தக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

"அது வேற."

"இன்னா வேற?"

"இதோ பாரு, கோயில்னு சொல்லிட்டுப் போறதுன்னா போ. இல்லன்னா போகாத."

"நான் உங்கள கேக்கலங்க. சொல்றேன்."

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் நேராக டீக்கடைக்குப் போனார். அங்கே ருக்மிணி அக்காவின் வீட்டுக்காரர் ரங்கநாதன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தினமும் அங்கே உட்காருகிறவர்கள். 'ஆறு பேர் அருவிக்கு' என்று இவர் புலம்ப, 'எங்க வீட்ல நெலமங்களா அம்மன்னு சொன்னாளே' என்று அவர் எழுந்திருக்க, அன்று இரவுக்குள் மற்ற வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது.

மறுநாள் கேன்டீனில் சிந்துவைத் தவிர யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ருக்மிணி அக்கா நின்றபடியே பேசினார்.

"உனக்கு ரோஷம் வந்துச்சுன்னா நீ மட்டும் கட்டிக்கினு அழு. எங்க பொழப்புல ஏண்டி மண்ணப் போடற?"

"நான் யார் பேரையும் சொல்லலக்கா. ஆறு பேருன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"ஆறு பேருன்னா யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? எங்க அஞ்சு பேரத் தவிர உனக்கு வேற யாருடி இருக்காங்க?"

அது என் தப்புதான். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே டீக்கடை என்பதை நான் யோசிக்கவில்லை. தப்பு என்று நான்கு பேரிடமும் ஒத்துக்கொண்டேன். "ஆனா பொய் சொல்லியிருக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. அது என்னால ஆகாது" என்றேன். அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். மற்ற மூன்று பேரும் அவர் பின்னால் போனார்கள். கல்யாணமாகாத சிந்து மட்டும் என்னோடு மிஞ்சினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அனுமதி வாங்க இருவரும் போனைத் திறந்து உட்கார்ந்தோம்.

"ரெண்டு பேரு பேரு போட்டா போதுங்களாக்கா?"

"ஆறும் போடு."

"அவங்க வரமாட்டாங்கக்கா."

"வராம போகட்டும். நாமளே ஏன் பேர அடிக்கணும்? போடு."

சிந்து ஆறு பேரையும் போட்டாள்.

மூன்று நாள் பாலகுமார் என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை, 'அம்மன் கோயில்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வீடு பழையபடி சிரித்துப் பேசும். பலமுறை நாக்கு வரை வந்தது. மகளின் நெற்றியைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். கீழே ஓனர் கௌரம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பாலகுமார் எனக்குப் பின்னால் வந்து நிலைப்படியில் நின்றார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கத்தான் நின்றார்.

"ஏனு பார்கவி, இஷ்டு பேக? யாவ் தேவஸ்தான?" என்றார் கௌரம்மா கன்னடத்தில். இவ்வளவு சீக்கிரம் எந்தக் கோவிலுக்கு என்று கேட்கிறார். பெண் ஒருத்தி விடிகாலையில் கிளம்பினால் அவருக்கும் கோவில்தான்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "கோயிலுக்கு இல்லக்கா, அருவிக்கு. காட்டுல நடந்து, நல்லா நனைஞ்சுட்டு வரப் போறேன்."

கௌரம்மா கையில் சொம்போடு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. விழட்டும், ராத்திரி எட்டு மணிக்கு நானே தட்டிக்கொள்கிறேன் என்று இறங்கி நடந்தேன்.

ஜாலஹள்ளி கிராஸ் ஸ்டாப்பில் சிந்து நின்றிருந்தாள். பக்கத்தில் சுடிதார் போட்டு, ஆம்பளை ஷூ மாட்டிய ஒரு பெண். கிட்டே போன பிறகுதான் ருக்மிணி அக்கா என்று தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவரை நான் புடவையில்லாமல் பார்த்ததில்லை.

சந்தோஷத்தில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்காக வாய் சும்மா இருக்குமா? "என்னக்கா, எந்தக் கோயிலு?" என்றேன்.

"செருப்பு பிஞ்சிடும்" என்றார். "அருவிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

அக்கா கையிலிருந்த போனை என் காதருகே நீட்டினார். உள்ளே ரங்கநாதன் அண்ணன் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னும் சொல்லிக்கினுதான் இருக்காரு. வீட்ட விட்டுக் கெளம்புனதுல இருந்து."

மார்க்கெட் பஸ் வந்து நின்றது. அக்கா போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஏங்க, பஸ்ஸு வந்துடுச்சு. மிச்சத்த ராத்திரி வந்து கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் படியேறினார்.