பெட்டிக்குள் பெட்டி

இத்தா முடிந்து மெஹ்ருன்னிசா கடைக்கு வந்த அன்று தூறல் விடவேயில்லை. தேரடி வீதியில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அச்சடித்துத் தரும் சின்னக் கடை. கணவர் ரபீக் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. நடுவில் ஒருநாள் மகள் பிர்தௌஸ் திறந்து பார்த்தபோது கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. மெக்கானிக் சரவணபவன் போன் செய்தான். இத்தாவில் இருந்ததால் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத மெஹ்ருன்னிசா அறைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"போர்டு போச்சுக்கா. பழசை ப்ராசஸரோட எக்சேஞ்சுல குடுத்துட்டு புதுசு போட்டுடலாம். எல்லாம் ஹார்ட் டிஸ்க்லதான இருக்கு?"

"மாத்திடுப்பா," என்றாள். பழசு போனதை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ரபீக்கின் பழைய தமிழ் அச்சு மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. அதற்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, நிஜப் பெட்டி எதுவும் இல்லாமல், இன்னொரு பழைய கம்ப்யூட்டரை அவர் ஓடவிட்டிருந்தார். சரவணபவன் அதை விர்ச்சுவல் மெஷின் என்பான். அவருக்கு அது பெட்டிக்குள் பெட்டி. மாலையில் அதை முறையாக மூடவே மாட்டார். இருக்கிற நிலையிலேயே உறையவைத்துவிட்டுக் கிளம்புவார். மறுநாள் பாதி அடித்த வரி அப்படியே நிற்கும்.

"எதுக்கு சேவ் பண்ணணும்? தூங்குது, அவ்ளோதான்," என்பார்.

கடைசி மாலையில் அந்தத் திரையில் பிர்தௌஸின் நிக்காஹ் பத்திரிகை இருந்தது. ஓரமெல்லாம் பூ.

"பூ ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க," என்றாள் மெஹ்ருன்னிசா.

"சரி," என்றார்.

அவள் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வெகுநேரம் கழித்து வந்து படுத்தார். விடியலில் எழவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார். பிறகு தன் இஷ்டப்படி செய்வார். அதற்காக அவள் சண்டை போட்டதில்லை. சரி என்று சொன்னவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் பேச்சு அவருக்குள் எங்காவது போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் தெரியாமலே போயிற்று. இருட்டறையில் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் அவள் அந்தத் திரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு பூவை எடுத்தாரா?

இப்போது அவள் பக்கத்தில் நிற்க, சரவணபவன் திரையில் உள்பெட்டியைத் தட்டினான். சிவப்புக் குறியோடு பிழைச் செய்தி வந்தது.

"பயப்படாதீங்க. புது போர்டுல விர்ச்சுவல் வசதியை ஆஃப்ல வெச்சு குடுத்திருக்கான். கம்ப்யூட்டர் ஆன் ஆவும்போதே உள்ள போய் அதைப் போட்டுட்டா முடிஞ்சுது. நீங்க டீ சொல்லுங்க, வர்றதுக்குள்ள ஓடும்."

டீ வந்தது. மெஷின் எழ ஆரம்பித்தது. பச்சைக் கோடு கொஞ்சம் ஊர்ந்து நின்றது. மறுபடியும் பிழை. அவன் மென்பொருளின் பழைய பதிப்பை ஏற்றிப் பார்த்தான். கோடு அதே இடத்தில் நின்றது. செய்தியை வாய்க்குள்ளேயே படித்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"என்னப்பா?"

"பாய் தூங்க வெச்சாரு பாருங்க, அது அந்தப் பழைய ப்ராசஸர்ல வெச்சது. இது வேற. இதுல அது முழிக்காதுக்கா." டீ கிளாஸை ஓரமாகத் தள்ளினான். "எல்லாம் டிஸ்க்ல இருக்குதுனு நான்தான் சொன்னேன். இதை யோசிக்கல."

"இப்ப என்ன வழி?"

"அந்த நிலையை அழிச்சிட்டா மெஷின் புதுசா எழும். சேவ் பண்ண ஃபைலெல்லாம் இருக்கும். திறந்து வெச்சிருந்தது போயிடும், கரண்ட் போனா மாதிரி."

சாம்பமூர்த்தி குருக்கள் பிரதோஷ நோட்டீஸுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மெஷின் எழுந்தே ஆகவேண்டும்.

"முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிடறேன்க்கா. அதே மாதிரி பழைய ப்ராசஸர் எங்கயாவது மாட்டுனா திறந்து பாக்கலாம்."

"வேணாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு நிமிஷ வேலைதான்."

"வேணாம்னு சொல்றேன்ல? எந்தப் பட்டன்?"

காட்டினான். அவளே அழுத்தினாள். பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் ஏங்கியதாக நினைத்தது பொய்யா? ஒருநாள் அது திறந்து, ஒரு பூகூடக் குறையாமல் அப்படியே இருந்தால், அதற்கப்புறம் அவரை எப்படி நினைத்துக்கொள்வது?

முறையாக மூடப்படவில்லை என்று பழைய விண்டோஸ் ஒரு முறை குறைசொல்லிவிட்டு எழுந்தது. கோயில் நோட்டீஸ்கள், கடைத் திறப்பு விழாக்கள், யார் யாருடைய கல்யாணங்களோ வரிசையாக இருந்தன. பிர்தௌஸ் பெயரில் எதுவும் இல்லை.

போன் அடித்தது. பிர்தௌஸ்தான்.

"அம்மா, மெஷின் வந்துட்டுதா? அத்தா போட்ட கார்டு இருக்குதா?"

சரவணபவன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"இன்னும் திறக்கலடி," என்றாள் மெஹ்ருன்னிசா. "பாத்துக்கிட்டிருக்காங்க."

"அவசரப்பட்டு எதையும் அழிச்சிட வேணாம்னு சொல்லும்மா."

"சொல்றேன்," என்றாள். சரவணபவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.