தப்புப் பூச்சி

மூன்றாம் வகுப்பின் பின்சுவரைப் போல இன்னொரு அழுக்குச் சுவரைத் தேடினாலும் கிடைக்காது. ஈரம் ஏறி, பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். வகுப்பு வாத்தியாருக்கு அதன்மேல் அலாதிப் பிரியம். காகிதத்தில் அந்துப்பூச்சி வெட்டி, சுவரோடு சுவராக மறைகிற மாதிரி வண்ணம் தீட்டி ஒட்டச் சொன்னார். பறவையாக வருகிறவரின் கண்ணில் பட்ட பூச்சி செத்தது; படாதது பிழைத்து முட்டையிடும். இதுதான் ஆட்டம்.

தலைமை ஆசிரியைக்கு இதெல்லாம் வெட்டி வேலை. "திங்கட்கிழமை கல்வி அதிகாரி வர்றார். அவருக்கு இதுல ஏதாவது விளங்கினா சரி. இல்லன்னா இந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு பீரியடுக்காகத்தான் பிள்ளைகள் வாரம் முழுக்கக் காத்துக் கிடக்கிறார்கள். வாத்தியார் விட்டுக்கொடுப்பதாக இல்லை. "முதல் பறவையா நீங்களே வாங்க மேடம்" என்று வெள்ளிக்கிழமை அழைத்தார்.

அம்மையார் உள்ளே கால் வைத்ததுமே ஒன்றைப் பிய்த்தார். வெள்ளை வெளேரென்ற பூச்சி. 'ஆமை' என்று வகுப்பே கூப்பிடும் சிறுமியுடையது. எல்லாரும் வண்ணம் தீட்டி முடித்தபோது அவள் இறக்கையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது தப்பு. வண்ணமே அடிக்கலையே?"

"ஆமையோடது செத்துப்போச்சு!" என்று வகுப்பு கூத்தாடியது. அவள் மேசையில் கவிழ்ந்துகொண்டாள். மற்ற பூச்சிகளைத் தேடித் தேடி அம்மையாருக்குக் கண் பூத்துப்போனது. ஆனாலும் வாத்தியாரால் சந்தோஷப்பட முடியவில்லை. கவிழ்ந்த அந்தத் தலை உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தவருக்குப் பகீரென்றது. சுவர் முழுக்க வெள்ளை. அதிகாரி வருகிறாரே என்று அம்மையார் ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். பூச்சிகளெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் குவிந்து கிடந்தன.

வாத்தியார் சுவரையே முறைத்தார். பிறகு பசை டப்பாவைத் திறந்தார்.

"எல்லாரும் அவங்கவங்க பூச்சியைப் பழைய இடத்துலயே ஒட்டுங்க."

ஆமை மட்டும் நகரவில்லை. "என்னோடதுதான் செத்துப்போச்சே சார்."

"இன்னைக்குப் புது ஆட்டம். எல்லாருக்கும் உயிர் உண்டு." வெள்ளிக்கிழமையே பத்திரப்படுத்தியிருந்த வெள்ளைப் பூச்சியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அப்ப இப்பவாவது வண்ணம் அடிச்சுடறேன் சார்."

"அடிக்காதே. அப்படியே ஒட்டு."

வாசலில் நின்ற அம்மையார் பல்லைக் கடித்தார். "தப்பா செஞ்சதைப் போய் அதிகாரிகிட்ட காட்டுவீங்களா?"

"காட்டத்தான் போறேன் மேடம்."

அதிகாரி கலகலப்பான மனிதர். கையை இறக்கையாக அடித்துக்கொண்டு வந்து, பழுப்பையும் பச்சையையும் மளமளவென்று பிய்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை அலறியது. பழைய சுவரில் யார் கண்ணிலும் படாத பூச்சிகள்!

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு இருக்கு!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். அம்மையாரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் இருவரும் கையை விரித்துவிட்டார்கள். ஆமை போய் விரலை வைத்துக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை முதல்ல செத்தது இதுதான்" என்றார் வாத்தியார். "இன்னைக்கு எப்படிப் பிழைச்சுது? பூச்சி மாறிச்சா?"

"சுவர் மாறிச்சு சார்!"

"சரி, சுவர் திரும்ப அழுக்கானா?"

ஆமைதான் மெதுவாக வாயைத் திறந்தாள். "அப்ப மத்தது பிழைக்கும் சார். எந்தச் சுவர் வரும்னு பூச்சிக்குத் தெரியாதே. அதனால எல்லா நிறமும் இருக்கணும்."

அதிகாரி அம்மையாரிடம் திரும்பினார். "இந்தப் பீரியட் என்னைக்கு? நான் இன்னொரு தடவை வரணும்."

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சார்" என்றார் அம்மையார். கணக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. குனிந்து சிறுமியின் பூச்சியைத் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு இதைத் தப்புன்னு சொல்லிட்டேனே."

பின்பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு கத்தியது: "தப்புதான் மேடம் தப்பிச்சுது!"

வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் ஆமை.