மாரப்பன் லட்டின் பரம ரகசியம்

இண்டூர் மாரப்பனின் தினை லட்டுப் பொட்டலத்தைப் படித்து முடிக்க வேண்டுமானால் அரை நாள் லீவு போட வேண்டும். அவ்வளவு சங்கதி அதன்மேல். உச்சியில் முருகன். முருகனைவிட ஒரு விரற்கடை பெரிதாக, முறுக்கிய மீசையோடு மாரப்பன். பக்கத்தில் பேத்தி தேவிப்பிரியாவின் முதல் பிறந்தநாள் படம். ‘சித்தேரி மலைத் தினை’, ‘நூற்றுக்கு நூறு சுத்தம்’, ‘வேறு கிளைகள் கிடையாது’. செல்போன் நம்பர் மட்டும் மூன்று இடத்தில். இத்தனையும் போக எறும்பு உட்காரும் அளவுக்கு மிஞ்சிய மூலையில்தான் உள்ளே இருக்கும் பண்டங்களின் பெயர்: தினை, வெல்லம், நெய், ஏலக்காய்.

எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. கிலோ மாவுக்கு இரண்டு கை வறுத்த நிலக்கடலைப் பொடி.

அதுதான் மாரப்பனின் தொழில் ரகசியம். கடலை வறுக்கிற நாளில் வேலைக்கு வரும் பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார், ஜன்னலைச் சாத்துவார், சாவித் துவாரத்தில் பஞ்சு அடைப்பார். வாசனையோ புகைபோக்கி வழியாக ஏறிப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், ஒகேனக்கல் போகிறவர்களைப் பாதி வழியில் இறக்கிக் கூட்டி வரும். ஆனாலும் எதிர்வரிசையில் சாமை லட்டுப் போடும் அறிவழகனுக்கு இது தெரியவே தெரியாது என்று மாரப்பன் பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“சார், தர்மபுரியில இருந்து சோபனா பேசறங்க. உங்க லட்டு பாக்கெட்டு ஒண்ணு வாங்கினன். இதுல நிலக்கடலை சேக்கறீங்களா?”

மாரப்பனின் மீசை துடித்தது. “எதுக்கும்மா கேக்கறீங்க?”

“எம் பொண்ணுக்கு ஆறு வயசுங்க. கடலை அலர்ஜி. துளி போனாலும் தொண்டை வீங்கிக்கும், மூச்சு வாங்கும். லேபிள்ல கடலைன்னு இல்ல. ஆனா வாசனை வர்ற மாதிரி இருக்குது. லட்டு வேணும்னு பக்கத்துலயே நிக்கறா. அதான் உங்களையே கேட்டுட்டுக் குடுக்கலாம்னு…”

ஆகா, அறிவழகா! பொம்பளையை விட்டுப் பேசச் சொல்லி ரகசியத்தைக் கறக்கப் பார்க்கிறாயா? மாரப்பன் தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

“முருகன் மேல சத்தியமா ஒரு பருப்புகூட இல்லம்மா. தைரியமா குடுங்க.”

மனைவி ராணியம்மாள் கையில் உருட்டிய லட்டோடு அப்படியே நின்றாள். “ஏங்க, நெசமாவே கொழந்தைக்கா இருந்தா?”

“அட போ. இது கடலைக்காட்டுலயே பொறந்து வளர்ந்த ஊரு. கடலை தின்னு எவனாச்சும் செத்தான்னு கேட்டிருக்கியா? அலர்ஜியாம்! எல்லாம் அந்த அறிவழகன் வேலை. எங்கிட்டயா நடக்கும்?”

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு இரண்டு நாளாகத் தலை வாராத கோலம். நேராக உள்ளே வந்து, பிரித்த லட்டுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“நான்தான் சோபனா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினன். இப்ப மறுபடியும் கேக்கறன். இதுல கடலை இருக்குதுங்களா, இல்லீங்களா?”

ராணியம்மாள்தான் பதில் சொன்னாள். “இருக்குதும்மா. கொழந்தை…?”

“இருக்கறா. ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு இன்னைக்குத்தான் எழுந்து உக்காந்தா. பாதி லட்டுதான் தின்னா. ஒதடு வீங்கி, மொகம் வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்துச்சு. ஊசி போட்டுப் பொழைக்க வெச்சாங்க.”

“ருசிக்கு ரெண்டே கைதாம்மா…” மாரப்பன் முனகினார். “தொழில் ரகசியம். லேபிள்ல போட்டா எதிர்க் கடைக்காரன்…”

“யோவ்!”

மாரப்பனை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. தெருவில் போன நாய்கூட நின்றுவிட்டது.

“ரகசியமாய்யா? உம் மீசைய அச்சடிக்க எடம் இருக்குது, எம் பொண்ணு உசுருக்கு ஒரு வரி எடம் இல்லியா? பொட்டலம் கட்டி விக்கறவன் உள்ள போட்டது அத்தனையும் எழுதணும்னு சட்டம் இருக்குது. கடலை, பாலு, முட்டை, கோதுமை, சோயா மாதிரி ஒத்துக்காதது இருந்தா ‘இருக்கு’ன்னு தனியா எழுதணும். நீ எழுதல. போவட்டும், தெரியாதுன்னு விடலாம். நான் வாய் தொறந்து கேட்டனே! அவ பக்கத்துல நின்னு ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தாய்யா. இன்னைக்குப் பேச்சு வந்ததும் மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? ‘அந்தத் தாத்தா சாமி மேல சத்தியம் பண்ணாரேம்மா?’ன்னு. நான் என்னய்யா சொல்லட்டும் அவகிட்ட?”

மாரப்பனின் கண் பொட்டலத்தில் சிரிக்கும் தேவிப்பிரியாவின்மேல் விழுந்து, அங்கிருந்து நகர மறுத்தது.

“உணவுப் பாதுகாப்பு ஆபீசுல நேத்தே புகார் குடுத்தாச்சு. வருவாங்க. அதுவரைக்கும் கடையில இருக்கற பாக்கெட்டை எந்தக் கொழந்தை தின்னுட்டு இருக்குதோ!”

மாரப்பன் போனை எடுத்தார். குரல் ஊரையே எழுப்பியது. “பென்னாகரம் கடைங்களா? மாரப்பன். என் லட்டை விக்காதீங்க! நிலக்கடலை இருக்குது! ஆமா, நிலக்கடலை! எழுதாம ஏமாத்திட்டன். அத்தனையும் திருப்பி அனுப்புங்க!” சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்துக் காத்த ரகசியம் பதினாலு கடைக்குப் பதினாலு தடவை தெருவில் முழங்கியது.

சத்தம் கேட்டு வந்த அறிவழகன் விழுந்து விழுந்து சிரித்தான். “இதுவா மாமா ரகசியம்? என் சாமை லட்டுலயும் அதேதான் போடறன். ஊர்ல எல்லாருமே போடறாங்க!”

சோபனா திரும்பினாள். “உங்க லேபிள்ல எழுதியிருக்கீங்களா?”

சிரிப்பு பாதியில் செத்தது.

மாரப்பன் அடுத்து அச்சகத்துக்கு அடித்தார். “குமாரு, லேபிளை மாத்தணும். என் மூஞ்சிய எடுத்துடு. முருகனையும் எடுத்துடு, அவரு பேருல பொய்ச் சத்தியம் பண்ணிட்டன். அந்த எடம் பூராவும் ‘நிலக்கடலை, பால் இருக்கு’ன்னு கொட்டை எழுத்துல போடு. நெய்யும் பாலுதானே.” பிறகு போனை அறிவழகனிடம் நீட்டினார்.

“நீயும் சொல்லுடா. நம்ம வூட்டு அடுப்பு வரைக்கும்தான் நம்ம ரகசியம். பொட்டலம் கட்டி ஊருக்கு வித்துட்டா, உள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சிக்கறது திங்கறவனோட உரிமை. அதை மறைச்சு விக்கறது யாவாரம் இல்ல, கொலை முயற்சி. சொல்லு, குமாரு லைன்ல இருக்கான்.”