குளியல் தண்ணீர்

மும்பையிலிருந்து கோவாவுக்குக் கிளம்பிய பாய்ப்படகு ரத்னகிரியைத் தாண்டவே முக்கிக்கொண்டிருந்தது. காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. பாய் துவண்டு தொங்கியது. இருந்த டீசலோ துறைமுகத்துக்குள் நுழைய மட்டுமே போதும்.

படகு டெக்ஸ்டருடையது. புனேயில் கேம்ப் பகுதிக்காரன், அந்த ஊர் மகர்பட்டா ஆபீசில் பத்ரிநாத்துக்குப் பக்கத்து இருக்கை. "சும்மா வாடா" என்று அவன் இழுத்துவந்த விருந்தாளிதான் பத்ரி. மூன்றாவது ஆள் டெக்ஸ்டரின் மனைவி மில்ட்ரெட்.

மத்தியானம் சமையல் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நல்ல தண்ணீர் டேங்க் காலி. மிச்சம் ஆளுக்கொரு பாட்டில்.

"அரிசியை எத்தனை தடவை கழுவின? இது என்ன வீடா?" டெக்ஸ்டர் மனைவிமேல் பாய்ந்தான். "காத்து வர்ற வரைக்கும் என்னத்தக் குடிக்கிறது?"

மில்ட்ரெட் தலைகுனிந்தாள். "சாரிங்க."

டேங்கைக் காலி செய்த மகானுபாவன் பத்ரிதானே! புனே அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணீர் டேங்கர் வராத கோடையில்கூடக் குளிக்காமல் சந்தியாவந்தனம் செய்தவனில்லை. உப்புத் தண்ணீரில் குளித்தால் குளித்த மாதிரியா? "குளியலுக்குக் கடல்தண்ணிதான்" என்று டெக்ஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தும், விடியலில் மற்றவர்கள் தூங்கும்போது தினமும் நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். இப்போதாவது வாயைத் திறந்தானா? வாயில் கொழுக்கட்டை அடைத்தவன்போல நின்றான், வெட்கங்கெட்டவன்.

சாயங்காலம் டெக்ஸ்டர் மேலே சுக்கானைப் பிடித்திருக்க, மில்ட்ரெட் கீழே வந்து தன் பாட்டிலை நீட்டினாள்.

"வச்சுக்கோங்க அண்ணா. நாளைக்குக் காலையில உங்க பூஜைக்கு வேணுமே."

பத்ரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"பம்ப் சத்தம் என் தலைமாட்டுலதானே கேக்குது. விருந்தாளி குளிக்கிறதைப் போயா அவர்கிட்ட சொல்லுவேன்?"

அவள் உதடு வெடித்திருந்தது. பாட்டில் திறக்கப்படவே இல்லை. பத்ரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலோடு மேலே ஏறினான்.

"டெக்ஸ்டர், தண்ணியைத் தீர்த்தது நான்தான். தினம் குளிச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. நீ திட்டறச்சே நான் பேசாம நின்னேன்."

டெக்ஸ்டர் பாட்டிலை வாங்கி, பின்னாலேயே வந்த மனைவியிடம் கொடுத்தான். "குடி, மில்லி." அவள் மடமடவென்று குடித்தாள். பத்ரியால் அதைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, இருவரும் பார்க்கவே வாளியில் கடல்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். உடம்பெல்லாம் உப்பு பிசுபிசுத்தது. மந்திரம் சொல்லி உள்ளங்கையிலிருந்து உறிஞ்சியதும் அதே நீர்தான். கரித்தது. முகம் சுளிக்காமல் விழுங்கினான்.