முடிக்காமல் விட்ட உழவு

1

இந்தக் கதை ஒரு இரும்புக் கம்பியில் தொடங்கியது. மறைப்பானேன்? சரிவு நிலம் ஒன்றில் ஒரு சாண் உயரம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி என் காலைத் தடுக்கிவிட்டது.

"தலை தெரியாம அடிச்சு இறக்கினது. பத்து வருஷமாச்சு," என்றார், மழையில் எவ்வளவு மண் அரித்துப்போகிறது என்று அங்கே அளந்துகொண்டிருந்த அம்மா. "கம்பி வளரலைங்க. மண்ணு போயிடுச்சு."

"எப்படி?"

"மேலேருந்து கீழா உழுறாங்க. கலப்பை கீறுற ஒவ்வொரு சாலும் மழைத்தண்ணிக்கு வழி. குறுக்கே உழுதா அதே சால் தண்ணிய நிறுத்திடும். யாரு கேக்கறா?"

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மண் என்பது மனிதனின்

(அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது தொடக்கம் தேவலை. அண்ணன், தம்பி, இருவருக்கும் ஒரே டிராக்டர். சரிவின் அடியில் அண்ணன் வீடு. என் காலைத் தடுக்கிய கம்பியையும் அந்தச் சரிவிலேயே நட்டேன். மண் அளக்கிற அம்மாவின் பேச்சைக் கேட்டு, அண்ணன் ஒரு நாள் காலையில் குறுக்கே உழக் கிளம்பினான். செங்குத்தான இடத்தில் குறுக்கே போனால் வண்டி குடை சாயும். எனக்கும் கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. எழுதினேன்:

அண்ணன் வண்டியைக் குறுக்கே திருப்பினான். மேல்பக்கச் சக்கரம் தரையை விட்டு

அதற்கு மேல் கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவினேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

3

ஒரு வருடம் கழிந்தது. பயத்தில் தம்பி மேலிருந்து கீழாகவே உழுதான். அன்று இரவெல்லாம் மழை கொட்டியது. மறுநாள் விடிந்ததும் கம்பியைப் பார்க்கப் போனான். அது ஒரு மயிரிழைகூட உயரவில்லை. கீழே வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

நிலம் முழுக்கக் குறுக்குச் சால்கள்.

கொட்டகைக்கு ஓடினான். டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரத்தில் ஈர மண் அப்பியிருந்தது. மறுபக்கச் சக்கரம் துடைத்துவைத்ததுபோல் சுத்தம். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கு விரைந்தான்.

(இதை நான் யோசித்து எழுதவில்லை. காலையில் தாளைப் பார்த்தேன், இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.)

அண்ணி அடுப்படியில் இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தட்டு யாருக்கு அண்ணி?"

"உங்க அண்ணனுக்குத்தான். உழப் போனவரு வர வேண்டாமா?"

"அண்ணி... அண்ணன் போயி ஒரு வருஷமாச்சு."

"போனாருன்னுதான் எல்லாரும் சொல்றீங்க தம்பி. விழுந்தாருன்னு யாராவது பார்த்தீங்களா?"

யார் பார்த்திருக்க முடியும்? நான்தான் எழுதவே இல்லையே.

4

முடிவு அ: வாக்கியத்தை முடிக்கிறேன். அண்ணன் விழுகிறான். அண்ணி ஒரு வழியாக அழுது தீர்க்கிறாள். இரண்டாவது தட்டு பரணுக்குப் போகிறது. குறுக்கே உழ ஆளில்லாமல் அடுத்த மழையிலிருந்து மண் மறுபடி இறங்கும். கம்பி ஒரு முழம் நீட்டுவதற்குள் அடியில் உள்ள பாறை தெரிந்துவிடும். பிறகு அந்தக் குடும்பம் எதை உழும்?

முடிவு ஆ: முடிக்காமல் விடுகிறேன். மண் நிற்கும். அவனும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க உழுதுகொண்டே இருப்பான். அண்ணி சோற்றைச் சூடுபண்ணிக்கொண்டே இருப்பாள்.

தம்பி என்னிடம் கெஞ்சினான். "மண்ணு போனா போகட்டும் சார். அண்ணிய இப்படிக் காக்க வைக்காதீங்க. அண்ணன் வேலைய நானே பார்த்துக்கறேன்." சரி, இதுவே நல்ல முடிவு என்று எழுதினேன்:

முடிவு இ: தம்பி வண்டியைக் குறுக்கே திருப்பினான். மேல்பக்கச் சக்கரம் தரையை விட்டு

ஐயோ. பேனாவைத் தூக்கி எறிந்தேன். அதற்குள் அடுப்படியில் மூன்றாவது தட்டு வந்துவிட்டது.

5

இனி என் கையை நான் நம்பமாட்டேன். முடியாத இரண்டு வாக்கியங்களும் மேலே அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போதும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும் முன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பாருங்கள். அண்ணி உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.