இந்த ஆட்டம் முடியட்டும்

மண்சரிவு எச்சரிக்கை வந்த இரண்டாம் நாள், பூனாகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே ஒரு வீடு மட்டும் திறந்து கிடந்தது. சனமெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கிவிட, மாணிக்கராஜ் மட்டும் அசையவில்லை. செய்தி கேட்டு ஹாலிஎலயிலிருந்து பஸ் ஏறி வந்த அவனுடைய தங்கை அற்புதமலர், மத்தியானம் போல நனைந்த சேலையோடு வாசலில் நின்றாள்.

உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு விளையாடிய அதே வீடியோ கேம். நீலச் சட்டைக்காரன் ஒருவன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். குழி வந்தால் தாண்டுவான், முள்ளெலி வந்தால் மிதிப்பான்.

"பெட்டியக் கொடஞ்சப்ப கெடைச்சிச்சு. இன்னும் வேல செய்யுது பாரு," என்றான் திரும்பாமலே.

"அண்ணே, சட்டயப் போடு. போவோம்."

"போன தடவையும் இப்படித்தான் எறக்குனாங்க. ஒண்ணும் நடக்கல. உக்காரு. இந்த ஆட்டம் முடியட்டும், வாறேன்."

வாதாடினால் அவனுக்கு வீம்புதான் ஏறும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளையாட்டின் இன்னொரு ரிமோட்டை எடுத்தாள். ஒருவர் செத்தால்தான் மற்றவர் முறை. தகரத்தில் மழை இரைந்தது. லயத்துக்குப் பின்னால் மண் கரைந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. தன் முறை வந்ததும் முதல் குழியிலேயே விழுந்தாள். அடுத்த முறையும் அதே குழி.

"வேணும்னே விழுறியா?"

"மறந்துபோச்சு."

"உனக்கா? தோத்தா நாளெல்லாம் சோறு திங்காம கெடப்பியே."

அவன் சாகவே இல்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது, அதுவும் முடிந்து அதற்கடுத்தது. அவள் எழுந்து பின்வாசலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அப்போது மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. அண்ணனின் தலை வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்ப, நீலச் சட்டைக்காரன் குழியில் விழுந்தான். அவன் காதும் இவ்வளவு நேரம் சரிவின் பக்கமே இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பயந்துகிட்டே ஏண்ணே இங்க இருக்க?"

ரிமோட்டைக் கட்டிலில் வைத்தான். "மண்டபத்துல எல்லாரும் குடும்பம் குடும்பமா இருப்பாங்க, மலரு. ஜெயந்தினி ஏன் விட்டுட்டுப் போனான்னு ஆளாளுக்குக் கேப்பாங்க."

மனைவி போய் மூன்று மாதம். அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான்.

"மண்டபத்துக்கு யாரு போகச் சொன்னா? எங்க வீட்டுக்கு வா. றொமேஷ் ஒண்ணும் கேக்கமாட்டாரு."

"உன் புருஷன் கேக்கமாட்டாரு. நீ?"

"நானும் கேக்கல."

டீவியைக்கூட அணைக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். ரோட்டுக்கு வரும்வரை அவள் அண்ணனின் கையை விடவில்லை.

மலை சரியவில்லை. ஐந்தாம் நாள் சனமெல்லாம் லயத்துக்குத் திரும்பியது. மாணிக்கராஜ் தங்கை வீட்டிலிருந்து திரும்பவில்லை. காலையில் "இன்னைக்குப் போறேன்" என்பான். வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடப்பான். பஸ் வரும், போகும், அவன் உள்ளே வந்து தண்ணீர் குடிப்பான். ஒன்பதாம் நாள் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ போனதுல தப்பு எம்மேலதான்," என்றான்.

அவள் கை நின்றது. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, மறுபடி துருவத் தொடங்கினாள். அவன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.