மாப்பிள்ளை வெட்டிய பை

அந்தப் பட்டறையில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம், மாப்பிள்ளையைத் தவிர. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. முதலாளியான மாமனாரே மாப்பிள்ளையைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அதைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரல் உயரக் கூடாது என்பது அவர் அப்பா காலத்திலிருந்து வீட்டுச் சட்டம்.

பட்டறை செய்வது விமானத்தின் மூக்கிலுள்ள ஆன்டெனாவுக்கு மூடி. மழை உள்ளே வரக் கூடாது. ரேடியோ அலை மட்டும் குறுக்கே எதுவுமே இல்லாததுபோல் போய் வர வேண்டும். அதற்குத் தோதான பிசின் சயனேட் எஸ்டர். இழைத்துணியில் ஊறி, சுருளாக, பைக்குள் மூடி வரும், ஃப்ரீசரில் தூங்கும். துணியை அச்சில் அடுக்கி ஓவனில் சூடேற்றினால் அதன் மூலக்கூறுகள் நுனிகளை நீட்டி, மூன்று மூன்றாகக் கைகோத்து வளையமாகிவிடும். வேறு சில பிசின்களைப் போல இறுகும்போது தண்ணீரையோ ஆவியையோ கக்காது. இறுகிய பிறகு கொதிக்கிற எண்ணெயின் சூட்டைக்கூடச் சட்டை பண்ணாது, ஈரத்தை லேசில் குடிக்காது, அலையையும் விழுங்காது. மாமனாருக்கு அதன்மேல் தனி மரியாதை. குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், கைகோத்துவிட்டால் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பார்.

இறுகுவதற்கு முன்னால்தான் அதைக் காவல் காக்க வேண்டும். அப்போது ஈரம் பட்டால் கைகோக்க வேண்டிய நுனி தண்ணீரோடு ஓடிப்போய்விடும்; ஓவன் சூட்டில் கரியமில வாயு கிளம்பிக் குமிழ் விடும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையைக் குளிர் முழுக்க விடும்வரை பிரிக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த மகள்தான் பட்டறையில் தரம் பார்ப்பவள்; அவள் இந்த ஒரு விஷயத்தில் தகப்பனையே அதட்டுவாள்.

புதிதாக ஆர்டர் தந்த கம்பெனிக்கு முதல் மூடி செய்ய வேண்டிய நாளில் சம்பந்தி வந்து நின்றார். மெத்தை வியாபாரி. மகன் இயக்குநராக இருக்கும் இடத்தைப் பார்க்க ஆசை. மாப்பிள்ளை கோட்டு போட்டிருந்தார். அதுவரை அந்த ஃப்ரீசரை அவர் திறந்ததெல்லாம் தண்ணீர் பாட்டில் வைக்கத்தான்.

"இதுதாம்ப்பா அந்த சரக்கு. முழுக்க என் பொறுப்பு," என்றார், மேஜையில் அப்போதுதான் எடுத்து வைத்திருந்த பையைத் தட்டி.

"உள்ள என்ன இருக்குன்னே தெரியலையே," என்றார் சம்பந்தி. "எங்க தலையணை உறையே இதைவிடப் பளபளன்னு இருக்கும். பிரிச்சுக் காட்டு."

"இப்பப் பிரிக்கக் கூடாது மாமா," என்றாள் மகள். "குளிர் விடணும். சாயங்காலம் ஆகும்."

"துணியைப் பார்க்க நல்ல நேரம் வேற பார்க்கணுமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஏசி ரூம்லேருந்து வெளிய வந்தா உங்க கண்ணாடி வேர்க்குதுல்ல? இதுவும் வேர்க்கும்."

"வேர்த்தா துடைச்சாப் போச்சு. கண்ணாடியை என்ன தூக்கியா போடறேன்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். வேலையாட்களும் பார்த்தார்கள். மாமனாருக்கு எல்லாம் தெரியும். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் சம்பந்தி கைகட்டி நின்று, இந்த வீட்டில் தன் பையனின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அளந்துகொண்டிருந்தார்.

"பெரியவங்க கேக்கறப்ப எதுத்துப் பேசாதம்மா," என்ற மாமனார், சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, பிடியைத் திருப்பி நீட்டினார். "வெட்டுங்க மாப்பிள்ளை."

பை பிளந்தது. மூச்சுக்காற்று பட்ட கண்ணாடிபோலத் துணிமேல் பனி பூத்தது. சம்பந்தி விரலால் தடவினார்.

"ஈரமா இருக்கே?"

"புதுச் சரக்குன்னா அப்படித்தாம்ப்பா இருக்கும்," என்ற மாப்பிள்ளை கைக்குட்டையால் துடைத்தார். ஈரம் போகவில்லை, சென்ட் வாசனை ஏறியது.

அந்தத் துணியையே அடுக்கிச் செய்த மூடி ஓவனிலிருந்து வந்தபோது தூரத்துப் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. மகள் ஒரு காசை எடுத்துத் தட்டிக்கொண்டே போனாள். டிங், டிங் என்று வந்த சத்தம் விளிம்புக்குப் பக்கத்தில் டொப்பென்று செத்தது.

"உள்ளே குமிழ். ஒண்ணு ரெண்டில்ல," என்றாள்.

"மேல பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மாப்பிள்ளை.

மாமியாரும் அதையே சொன்னாள்: "மாப்பிள்ளையோட முதல் வேலைங்க. அவர் முகம் வாடக் கூடாது." மாமனாருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

கம்பெனி இன்ஜினியர் அம்மா பார்வையிட வந்த அன்று சம்பந்தியும் வந்து முன்வரிசை பிடித்தார். அந்த அம்மா சுற்றிவந்து பார்த்தார். வெள்ளை மூடி மினுங்கியது. விளிம்பில், எல்லா வேலையிலும் பதிப்பதுபோல, மாமனாருடைய அப்பாவின் முத்திரை.

"ஃபினிஷிங் ரொம்ப நல்லாருக்கு," என்று பேனாவைத் திறந்தார்.

மாமனார் அந்த முத்திரையைப் பார்த்தார். அதற்கு மேலேயே டொப்பென்று ஒலிக்கும் இடம். பெயின்ட்டுக்கு அடியில் அப்பா எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. சட்டைப்பையைத் துழாவிக் காசை எடுத்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்கம்மா," என்று தட்டினார். டிங். டிங். டொப்.

பேனா மூடிக்கொண்டது. "எப்படி ஆச்சு இது?"

"குளிர் விடறதுக்குள்ள பையை வெட்டியாச்சு."

"இத்தனை வருஷம் தொழில் பண்றீங்க. யார் வெட்டினது?"

மாப்பிள்ளை தன் பூட்ஸை ஆராய்ந்தார்.

"கத்தி என்னோடது," என்றார் மாமனார். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அதில் பொய் இல்லை. அந்த அம்மா யோசித்தார். "நீங்களே சொன்னதால இன்னொண்ணு செய்யுங்க. பையைப் பிரிக்கறப்ப நான் கூட இருப்பேன்."

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. மாமனாரின் தோளில் கை வைத்தார். "விடுங்க மாமா. வயசானா மறதி வர்றது சகஜம்தானே."

மகள் வாயைத் திறந்தாள். மாமனார் கண்ணாலேயே அடக்கினார்.

"வேண்டாம்னா இதை எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்றார் சம்பந்தி. "எம் பையன் கைபட்டது."

அனுப்பினார்கள். இப்போது அது சம்பந்தி வீட்டு ஹாலில், உள்ளே விளக்கு எரிய, மெத்தை விளம்பரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்களிடம் அவர் சொல்வார்: "பையன் செஞ்சது. விமானத்துல பறக்க வேண்டியது. மாமனார் அவசரப்பட்டுக் கெடுத்துட்டார்."

அடுத்த சுருளை ஃப்ரீசரிலிருந்து எடுத்த காலையில் மாமனார் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் மேஜையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கத்தியை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கோட்டுடன் மாப்பிள்ளை வந்தார். வேலையாட்கள் எல்லாரும் எழுந்தார்கள்.

"என்ன மாமா, இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டபடி மாப்பிள்ளை கையை நீட்டினார்.

"சாயங்காலம் வாங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். எழுந்திருக்கவில்லை.